“கடைசியா எப்போ?”: பூக்கடை முன் நின்று பயனர் ஆய்வு கற்ற கதை

போன வியாழக்கிழமை முடிவு வந்தது. பயனர் அனுபவ ஆய்வுப் பாடத்தில், அதாவது ஒரு பொருளை மக்கள் நிஜத்தில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டும் பார்த்தும் அறியும் பாடத்தில், ஏ மைனஸ். இதே பாடத்தின் முதல் வைவாவில் (வாய்மொழித் தேர்வு), ஆறாவது வாரத்தில், எனக்குக் கிடைத்தது 38. இரண்டுக்கும் நடுவில் எட்டு வாரம்தான். அந்த எட்டு வாரத்தில் நான் மாற்றிக்கொண்டது பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியைத்தான். அடுத்த செமஸ்டரில் இந்தப் பாடத்தை எடுக்கப் போகிறவர்களுக்காக, மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன். ஆய்வுத் திட்டம் எப்படி எழுதுவது, பெர்சோனா (மாதிரிப் பயனர் சித்திரம்) எப்படி வரைவது என்பதெல்லாம் உங்கள் பாடக் கையேட்டிலேயே இருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

என் தலைப்பு, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிப் பூக்கடைகளில் கியூஆர் வழியாகக் காசு வாங்குவது. ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் நான் சின்ன வயதிலிருந்து அம்மாவோடு போய் வந்த இடம். 2010-இல் அந்தப் பகுதியை லிட்டில் இந்தியா என்று அறிவித்து வளைவெல்லாம் கட்டியதற்கு முன்பிருந்தே அங்கே பூ வாங்கியிருக்கிறோம். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். தெரிந்த இடம், தெரிந்த மொழி, சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

முதல் சுற்றில் ஒரே சனிக்கிழமையில் ஆறு கடைக்காரர்களிடம் பேசினேன். “கியூஆர்ல காசு வாங்குறது வசதியா இருக்கா?” “ஒரு நாள் விற்பனைக் கணக்கை ஆப்லயே பார்க்க முடிஞ்சா பயன்படுத்துவீங்களா?” ஆறு பேரும் ஆமாம் என்றார்கள். ஒருவர் பாதி கேள்வியிலேயே தலையாட்டிவிட்டார். நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போய் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஆப்புக்கு 23 திரைகள் வரைந்தேன். வரைபடம், வண்ணம், மாதக் கணக்கு, எல்லாம் இருந்தது.

வைவாவில் தேர்வாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “இவர்களில் யாராவது முடியாது என்று சொல்ல உன் கேள்வியில் எங்கே இடம் இருந்தது?” எனக்குப் பதில் வரவில்லை. மதிப்பெண் தாளில், ‘இது ஆய்வு இல்லை, சம்மதம் வாங்கியது’ என்று எழுதியிருந்தார். அன்று எல்.ஆர்.டி. ரயிலில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். பதினான்கு வாரப் பாடத்தில் நேர்காணலுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு மதியம், ஃபிக்மாவுக்கு ஐந்து வாரம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனாலும் அவர் எழுதியது சரி.

இரண்டாவது சுற்றுக்கு அதே கடைகளில் ஒன்றுக்குப் போனேன். அந்த அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். “பசியாறிட்டியாம்மா?” என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். முதல் முறை எல்லாவற்றுக்கும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொன்னவர் இவர்தான். ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. படிக்கிற பிள்ளை வெயிலில் வந்து நிற்கிறது, பாஸ் ஆகட்டும் என்று நினைத்திருக்கிறார். “உனக்கு நல்ல மார்க் வரணும்மா” என்று வாய்விட்டே சொன்னார். நான் கேட்டது கருத்து, அவர் கொடுத்தது ஆசீர்வாதம்.

இந்த முறை நான் கேட்டது: “அக்கா, கடைசியா கியூஆர்ல காசு கொடுத்தது யாரு? அப்போ என்ன நடந்துச்சு?”

கொஞ்ச நேரம் சரம் தொடுத்துக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சொன்னார். காலையில் ஒரு பையன் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) மல்லிகையும் கதம்பமும் வாங்கினான். ஸ்கேன் செய்து திரையைக் காட்டினான். அக்காவின் இரண்டு கையும் ஈரம், கண்ணாடியும் போடவில்லை. சரி போப்பா என்று அனுப்பிவிட்டார். பிறகு ஷா ஆலமில் வேலை செய்யும் மகனைக் கூப்பிட்டு, “பத்து வெள்ளி வந்துச்சாடா?” என்று கேட்டார். மகன் மீட்டிங்கில் இருந்தான், போனை எடுக்கவில்லை. மதியம்தான் வந்துவிட்டது என்று செய்தி அனுப்பினான்.

ஏன் மகனைக் கேட்க வேண்டும்? கியூஆர் அட்டை மகனின் வங்கிக் கணக்கில் எடுத்தது. காசு வந்ததற்கான அறிவிப்பு ஷா ஆலமில் இருக்கும் போனுக்குப் போகிறது. கடையில் நிற்பவருக்கு எதுவும் வருவதில்லை. வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தில் மகனை எத்தனை முறை கூப்பிடுவது? அதனால் நம்பிக்கையில் விட்டுவிடுகிறார். வராமல் போன காசை நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் தனியாக எழுதி வைத்திருந்தார். அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினார். முதல் சுற்றில் அதே நோட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் என் 23 திரைகளுக்கான சம்மதத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

மற்ற கடைகளிலும் இதே கேள்வியைக் கேட்டேன். ஒரு கடையில் மருமகள் கணக்கு, இன்னொன்றில் கடைக்காரரின் சொந்தக் கணக்குதான், ஆனால் போன் பையில், பை மேசைக்கு அடியில். என் பிரச்சினை திரையில் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்தக் கேள்வி நான் கண்டுபிடித்தது இல்லை. ஜான் ஃபிளானகன் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளிடம் இப்படிக் கேட்டிருக்கிறார். பறக்கும்போது திசை தெரியாமல் தலைசுற்றிப் போன ஒரு சமயத்தை நினைத்துப் பாருங்கள், அப்போது எதைப் பார்த்தீர்கள், என்ன கேட்டது, என்ன உணர்ந்தீர்கள் என்று. 1954-இல் அந்த முறையைக் கட்டுரையாக எழுதினார். உங்கள் அறிக்கையில் முறையியல் பகுதிக்கு இது கை கொடுக்கும். எனக்குக் கொடுத்தது.

நான் தூக்கி எறிந்த கேள்விகள்:
- “பயன்படுத்துவீங்களா?”
- “பிடிச்சிருக்கா?”
- “வழக்கமா என்ன செய்வீங்க?” (இதற்கும் நல்ல பிள்ளை பதில்தான் வரும்)

வைத்துக்கொண்டவை:
- “கடைசியா எப்போ?”
- “அதுக்கு முன்னாடி என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?”
- “அப்புறம்?”
- “அதைக் கொஞ்சம் காட்ட முடியுமா?”

நான்காவதை விடாதீர்கள். நோட்டுப் புத்தகம் அதில்தான் வந்தது.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதும் இதோடு சேர்ந்தது. நான் மனதுக்குள் ஒன்று முதல் எட்டு வரை எண்ணுவேன். நான் இயல்பிலேயே அதிகம் பேசாதவள், அதனால் எனக்கு இது சுலபமாக வந்தது. கலகலவென்று பேசுகிறவர்களுக்கு முதலில் மூச்சு முட்டும். கையில் பேனா வைத்துக்கொண்டு எழுதுவது மாதிரி குனிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது மொழி. நேர்காணல் தமிழில், அறிக்கை ஆங்கிலத்தில். முதல் சுற்றில் நான் கேட்டதையெல்லாம் அன்றிரவே ஆங்கிலமாக்கி ஸ்டிக்கி நோட்டில் எழுதினேன். “பரவாயில்லம்மா” என்று வந்த இடத்தையெல்லாம் பச்சை நிறத்தில், திருப்தி என்ற தலைப்புக்குக் கீழே ஒட்டினேன். மொத்தம் ஒன்பது சீட்டு. இரண்டாம் சுற்றில் பதிவைத் திரும்பக் கேட்டபோது வயிற்றைக் கலக்கியது. அதில் இரண்டுதான் உண்மையில் திருப்தி. மீதி ஏழும், கஷ்டம்தான், ஆனால் அதை உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற பரவாயில்லை. வீட்டில் அம்மா அதே தொனியில் தினமும் சொல்கிறார். எனக்குத் தெரியாத சொல்லா அது?

அதனால் சொல்கிறேன், சீட்டில் அவர்கள் சொன்னதைச் சொன்னபடி தமிழிலேயே எழுதுங்கள். தொனியையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டத்தில், அறிக்கைக்குள் போகும் வரிகளை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். குழுவில் தமிழ் தெரியாதவர்கள் இருந்தால் வேலை இரட்டிப்பாகும், ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சீட்டுகளைக் கூட்டம் கூட்டமாகச் சேர்க்கும்போது தலைப்புகளை முதலில் எழுதாதீர்கள். இந்த முறையின் வேர் ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ காவாகிதாவின் களப்பணிக் குறிப்புகளில் இருக்கிறது. ஒன்றோடொன்று சேரும் சீட்டுகளைச் சேர்த்துவிட்டு, கடைசியில்தான் அந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைப்பார். நான் முதல் சுற்றில் பெயர் வைத்துவிட்டு ஆள் தேடினேன்.

வைவாவில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் எண் ஐந்து. ஐந்து பேர் போதும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது பயன்பாட்டுச் சோதனைக்கு. ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு பிரச்சினைகளை வெளிக்கொண்டு வருவார் என்று வைத்தால், ஐந்து பேரில் 85 விழுக்காடு வந்துவிடும் என்பது அந்தக் கணக்கு. புரோட்டோடைப்பை (சோதனை மாதிரி) கையில் கொடுத்துச் சோதிக்கும்போது சொல்லுங்கள். நேர்காணலுக்கு ஏன் ஐந்து பேர் என்று கேட்டால் இதைச் சொல்லிவிடாதீர்கள். என் தோழி சொல்லி, பத்து நிமிடம் வறுபட்டாள்.

மற்றவை, சுருக்கமாக:
- ஒரு நாளைக்கு இரண்டு பேர், அதற்கு மேல் வேண்டாம். மூன்றாவது ஆளிடம் நான் காதைக் கொடுக்கவே இல்லை, பதிவைக் கேட்டால் தெரிகிறது.
- குழு உரையாடல் எனக்கு ஒத்துவரவில்லை. மூத்தவர் ஒருவர் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள்.
- ஒப்புதல் படிவத்தை நீட்டி கையெழுத்து கேட்டால் பயந்துபோகிறார்கள். ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள், பதிவு யாரிடம் இருக்கும், எப்போது அழிப்பேன் என்பது உட்பட.
- வெள்ளிக்கிழமையும் விசேஷ நாளும் பேசப் போகாதீர்கள். ஓரமாக நின்று பார்க்க மட்டும் போங்கள்.
- எஸ்.யு.எஸ். என்பது பயன்படுத்த எவ்வளவு சுலபம் என்று அளக்கும் பத்து வாக்கியக் கேள்வித்தாள். அதில் மதிப்பெண் 68 என்றால் அது சராசரி. நூற்றுக்கு 68 விழுக்காடு என்று எழுதினால் மதிப்பெண் போகும். பத்து வாக்கியங்களில் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறையாக வரும், கடைக்காரர்களுக்கு அங்கே குழம்புகிறது. பொறுமையாகப் படித்துக் காட்டுங்கள்.

இறுதி வைவாவுக்கு நான் எடுத்துப் போனதில் திரையே இல்லை. வந்த தொகையைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லும் சின்ன ஒலிப்பெட்டி, அட்டையில் செய்தது. கணக்கு யார் பெயரில் இருந்தாலும் சத்தம் கடையில் கேட்கும். இந்தியாவில் இப்படிப்பட்ட பெட்டிகள் பெட்டிக்கடைகளிலேயே இருக்கின்றன, புதுமை என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த அக்காவின் கடையில் அட்டைப்பெட்டியை வைத்து, பின்னால் நின்றுகொண்டு “பத்து வெள்ளி வந்தது” என்று நானே குரல் கொடுத்துச் சோதித்தேன். அன்று மகனை ஒரு முறைகூட அவர் கூப்பிடவில்லை.

முடிவு வந்த மறுநாள் போய்ச் சொன்னேன். கையைத் துடைத்துவிட்டு என் தலையில் ஒரு முழம் மல்லிகை வைத்துவிட்டார், காசு வாங்கவில்லை. அப்புறம் கேட்டார், “அந்தப் பெட்டி எப்பம்மா வரும்?” இது வெறும் பாடத்துக்காகச் செய்தது, நிஜமாக வராது என்று முதல் நாளே நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் அது இருந்தது, வாசித்தும் காட்டினேன், ஆனால் அட்டைப்பெட்டியைக் கடையில் வைத்த அன்று மறுபடி சொல்லவில்லை. நீங்கள் சோதனைக்கு எதை எடுத்துப் போனாலும், வைக்கும்போதே ஒரு முறை, எடுத்துக்கொண்டு கிளம்பும்போது இன்னொரு முறை சொல்லிவிடுங்கள்.