பாறை ஓட்டைக்கு ஒரு வாடகை ஜீப்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். ஜீப் வாடகை நாளுக்கு 325 டாலர், இன்சூரன்ஸ் தனி. திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே தூசி என்று இன்னும் 75 டாலர் பிடுங்கினார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைவனத்துக்குப் போன வண்டியில் தூசி இல்லாமல் பன்னீரா மணக்கும்?

எஸ்கலாண்டே ஊரைத் தாண்டி ஐந்து மைலில் ஹோல் இன் தி ராக், அதாவது 'பாறை ஓட்டை', மண்பாதை பிரிகிறது. கொலராடோ ஆற்றுக்கு மேலே இருக்கும் பாறை விளிம்பு வரை கிட்டத்தட்ட 60 மைல். 1879இல் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் சுமார் 250 பேர், எண்பது வண்டிகளோடு, ஆற்றுக்கு அப்பால் தென்கிழக்கு யூட்டாவில் குடியேறப் போன தடம். ஆறு வாரத்தில் போய்விடலாம் என்று கிளம்பினார்கள். ஆறு மாதம் ஆனது.

பாதை முழுக்க மண் வரிவரியாக இறுகிக் கிடக்கிறது. டயரில் காற்றைக் குறைத்தும் பல் தந்தியடித்தது. டான்ஸ் ஹால் ராக் என்ற பெரிய பாறையின் நிழலில் நிறுத்திப் புளிசாதத்தைத் திறந்தோம். சாதம் தப்பித்தது, அப்பளம் மாவாகியிருந்தது. வழி தெரியாமல் குளிரில் முடங்கிய அந்தக் கூட்டம் பிடில் வாசித்து ஆடியது இங்கேதான். நமக்கு ஆடும் தெம்பில்லை.

கடைசி ஆறு மைலுக்கு ஒன்றரை மணி நேரம். எல்லாம் பாறைப் படிக்கட்டு. மனைவி இறங்கி முன்னால் நடந்து, "இடது, இன்னும் இடது, ஐயோ நில்லுங்க!" என்று வழிகாட்டினாள். அடித்தட்டு ஒருமுறை 'கிரீச்' என்றதும் டெபாசிட் தொகைதான் கண்முன் வந்தது.

அந்த ஓட்டையைப் பார்த்ததும் பணமெல்லாம் மறந்துவிட்டது. பாறையில் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். வெடிமருந்து வைத்து வாரக்கணக்கில் அகலப்படுத்தி, 1880 ஜனவரி 26இல் வண்டிகளை இறக்கியிருக்கிறார்கள். பின்சக்கரங்களைச் சங்கிலியால் கட்டி, பின்னால் ஆட்கள் கயிற்றைப் பிடித்துத் தொங்க! வெடிப்புக்குக் கீழே பாதையே இல்லாத இடத்தில், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி பென் பெர்கின்ஸ் யோசனைப்படி பாறையில் துளை போட்டு மர முளை அடித்து, மேலே சுள்ளியும் கல்லும் மண்ணும் பரப்பி ஒரு பக்கச் சக்கரங்களை அதன்மேல் உருட்டினார்களாம். சுவரில் வண்டி உரசிய தழும்பைத் தடவிப் பார்த்தேன், விரல் பதிகிற ஆழம். அவர்கள் ஆற்றைக் கடந்த இடம் இப்போது அணை கட்டித் தேக்கிய பவல் ஏரிக்கு அடியில்.

போகிறவர்களுக்கு: எஸ்கலாண்டேயிலேயே டேங்கை நிரப்புங்கள். வழியில் சொட்டுத் தண்ணீர்கூட விற்பனைக்குக் கிடையாது. மழை என்றால் போகவே வேண்டாம். 26ஆவது மைலில் ஸ்பூக்கி என்ற இடுக்குப் பள்ளத்தாக்கு பிரமாதமாம். ஆறு மணிக்குள் சாவி தராவிட்டால் இன்னொரு நாள் வாடகை. அதனால் ஸ்பூக்கி திருப்பத்தை நிற்காமல் எண்பது வேகத்தில் கடந்தோம்.