தார், செம்மண், புல், மேடு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் என்றால் வெளியூரில் இரண்டு செய்திகள் சொல்வார்கள். 1948 ஜூன் 16 அன்று தோட்டத் துரைமார்கள் மூவர் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது என்பது ஒன்று. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1919-ல் பிறந்த ஊர் என்பது மற்றொன்று. ஓடுகிறவர்களுக்கு இங்கே மூன்றாவது செய்தியும் உண்டு. தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியில் உள்ள வீட்டிலிருந்து காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பினால், ஒரே காலைப் பொழுதில் தார்ச்சாலை, தோட்டத்துச் செம்மண் சாலை, செம்பனை வரிசைகளுக்கு நடுவே புல் பாதை, அதற்கும் அப்பால் பழைய பால்மரச் (ரப்பர் மரச்) சரிவு என்று நான்கு விதத் தரையில் கால் பதிக்கலாம். கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் சுவர்போல நிற்கும். கணுக்காலில் அடிபட்டுத் தேறிவந்த மாதங்களில் இந்த நான்கு தரைகளும் எனக்கு வைத்தியம் செய்தன. அதைத்தான் எழுத வருகிறேன். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது பயன்படட்டும்.

அடிபட்டது ஆண்டுக் கடைசி மழைக்காலத்தில். குலை ஏற்றும் லாரிகள் போய்ப் போய்ச் செம்மண் சாலையின் ஓரம் உள்ளே அரித்துப்போயிருந்தது. மேலே பார்க்கத் தெரியவில்லை. கால் வைத்ததும் ஓரம் இடிந்து பாதம் உள்பக்கமாக மடங்கியது. அவ்வழியே வந்த குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் தம் மோட்டார் சைக்கிளில் ஏற்றித் தோட்டத்து வாசல் வரை கொண்டுவந்து விட்டார். வங்காளதேசத்துப் பிள்ளை. பெயர் கேட்கக்கூட எனக்கு அப்போது நினைவில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் உடனே எக்ஸ்ரேக்கு அனுப்பவில்லை. கணுக்காலின் இருபுறத்து எலும்புகளின் பின் விளிம்பையும் நுனியையும் அழுத்திப் பார்த்தார், பாதத்தில் குறிப்பிட்ட இரண்டு எலும்புகளை அழுத்தினார், பிறகு நான்கு காலடி எடுத்துவைத்து நடக்கச் சொன்னார். இவற்றுக்கு ஒட்டாவா விதிகள் என்று பெயர்; 1992-ல் கனடாவில் வகுத்தவை. அந்த எலும்புகளில் அழுத்தினால் வலி இல்லாமலும், நொண்டியாவது நான்கு அடி நடக்க முடிந்தும் இருந்தால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எனக்கு எலும்பு தப்பியது. வெளிப்பக்கத் தசைநார்தான் பாதி கிழிந்திருந்தது. கணுக்கால் சுளுக்கில் பெரும்பாலும் முதலில் அடி வாங்குவது அதுதான்.

வீட்டில் உடனே தைலம் வந்துவிட்டது. அத்தைக்குச் சுளுக்கு வழிப்பதில் அசைக்க முடியாத நம்பிக்கை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் வாழ்ந்த காலத்தில், பால் வாளி சுமந்து வழுக்கி விழுந்த எத்தனையோ பேரின் கால்களை அவர் கையே நேராக்கியிருக்கிறது. அந்தக் கையை நான் மதிக்கிறேன். ஆனால் புதிதாகக் கிழிந்த தசைநாரை முதல் சில நாட்களில் அழுத்தி வழித்தால் வீக்கமும் உட்கசிவும் கூடும் என்று சொன்னேன். “சரி, நாள் போகட்டும். கெண்டைக்காலையாவது பிடித்துவிடுகிறேன் பிள்ளை” என்றார். அது உண்மையிலேயே உதவியது. நொண்டி நடக்கும்போது கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடும். அத்தையின் கை அதை இளக்கிக்கொண்டே இருந்தது.

ஐஸ் வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-ல் ஒரு சூத்திரமாக எழுதியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பல ஆண்டுகள் கழித்து, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அவரே எழுதினார். இப்போது வலி பொறுக்கும் அளவுக்குக் காலைச் சீக்கிரமாகப் பயன்படுத்தவே சொல்கிறார்கள். நான் வலியைத் தணிக்க மட்டும் முதல் ஓரிரு நாட்கள் ஐஸ் வைத்தேன். பிறகு கட்டோடு வீட்டுக்குள் நடக்கத் தொடங்கினேன்.

இயன்முறை சிகிச்சையாளர் ஓர் இளம் மலாய்ப் பெண். அவர் விளக்கிய ஒரு விஷயம் என் எண்ணத்தையே திருப்பியது. தசைநார் என்பது எலும்புகளைக் கட்டி வைத்திருப்பதோடு நிற்பதில்லை. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு முனைகள் அதற்குள் இருக்கின்றன. கிழியும்போது அந்தச் செய்தியும் தடுமாறிப்போகிறது. பாதம் மடங்கத் தொடங்கியதும் வெளிப்பக்கக் கெண்டைத் தசைகள் உடனே இழுத்துப் பிடிக்க வேண்டும். செய்தி தாமதமானால் பிடிப்பும் தாமதமாகிறது. ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடி மறுபடி சுளுக்குவதற்கு இது முக்கியமான காரணம். வலி போன பிறகும் பயிற்சியை நிறுத்தக் கூடாது என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார்.

பயிற்சிகள் எளியவை. ரப்பர் பட்டையை மேசைக்காலில் மாட்டிப் பாதத்தை வெளிப்பக்கமாக இழுப்பது. சுவரில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது. கட்டைவிரலைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, குதிகால் எழாமல் முட்டியால் சுவரைத் தொடுவது. இரு கால்களுக்கும் அந்த இடைவெளி ஒன்றாகும் வரை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒற்றைக்காலில் நிற்பது: முதலில் கண் திறந்து, பிறகு கண் மூடி, பிறகு தலையணைமேல். வகுப்பில் பிள்ளைகள் கட்டுரை எழுதும் நேரத்தில் மேசைக்குப் பின்னால் ஒற்றைக்காலில் நிற்பேன். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஓய்வு நேரத்தில் அவர்களும் வரிசையாக நின்று, யார் அதிக நேரம் நிற்பது என்று போட்டி வைத்தார்கள். அந்தப் போட்டியில் நானும் மனமாரச் சேர்ந்தேன்.

ஓட்டத்துக்குத் திரும்பும் நேரம் வந்ததும், எதைப் படிப்படியாகக் கூட்டுவது என்ற கேள்வி எழுந்தது. எல்லோரும் தூரத்தைச் சொல்வார்கள். வாரத்துக்குப் பத்து விழுக்காடு என்பது வாய்ப்பாடு. நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். பத்து விழுக்காட்டு அளவில் மெதுவாகக் கூட்டியவர்களுக்கும் வழக்கமான திட்டத்தில் ஓடியவர்களுக்கும் காயம் படுவதில் வேறுபாடு தெரியவில்லை. என் காலைக் கெடுத்ததும் தூரம் அல்ல, தரை. ஆகவே முதலில் தரையைக் கூட்டுவது, அந்தத் தரை பழகிய பிறகே தூரத்தைத் தொடுவது என்று முடிவு செய்தேன். சிகிச்சையாளரிடம் சொன்னேன். ஒற்றைக்காலில் வலியில்லாமல் துள்ள முடிகிறதா என்று பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

முதல் தரை தாமான் தார்ச்சாலை. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதில் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அங்கே பழகிக்கொண்ட ஓர் அளவுகோல் கடைசி வரை கூட வந்தது: மறுநாள் காலைக் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடிகள். ஓடும்போது இலேசாக வலிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலையில் வீக்கமோ புதிய விறைப்போ இருந்தால் நேற்றைய வேலை கூடுதல் என்று பொருள். அப்படியிருந்தால் ஒரு தரை பின்னால் போய்ச் சில நாட்கள் இருப்பேன். இல்லையென்றால் மேலே.

செம்மண்ணுக்குப் போகும்போது மாமாவைக் கேட்டேன். மாமா அந்தத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையை மேற்பார்வையிடும் கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சாலை எந்த மழைக்கு அரிக்கும் என்று இன்றும் அவருக்குத் தெரியும். காவலரிடம் கூட்டிப்போய், “என் அக்காள் மகள், டீச்சர்” என்று சொல்லி முறைப்படி அனுமதி வாங்கித் தந்தார். தோட்டம் தனியார் நிலம். சொல்லாமல் நுழைவது சரியல்ல. மருந்து அடிக்கும் நாளில் எந்தக் காட்டுக்குப் போகக்கூடாது என்பதையும் காவலர்தான் சொல்வார். “ஓரத்தில் ஓடாதே அம்மா. டயர் பதிந்த தடத்தில் ஓடு, அங்கே மண் இறுகிக் கிடக்கும்” என்று மாமா சொன்னது பத்துப் பயிற்சிகளுக்குச் சமம்.

ஏழு மணி வரை இங்கே இருட்டுதான். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதற்கு முன் பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போன தலைமுறை, இப்போதைய ஆறரையை ஆறு மணி என்று சொன்ன தலைமுறை. நல்ல வெளிச்சம் வராமல் நான் செம்மண்ணில் இறங்குவதில்லை. வார நாட்களில் பள்ளி இருப்பதால் செம்மண் ஓட்டம் வார இறுதிக்கு ஒதுங்கியது. அதனால் இந்தக் கட்டம் நீண்டது. தசைநாருக்கு அந்த நீளம் நல்லதாகவே அமைந்தது.

தூரம் பார்க்கக் கைக்கடிகாரம் தேவைப்படவில்லை. செம்பனை மரங்களை ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண முறையில் நடுவார்கள். ஒரு வரிசையில் பதினொரு மரத்தைக் கடந்தால் கிட்டத்தட்ட நூறு மீட்டர். பதினொரு மரம் ஓட்டம், பதினொரு மரம் நடை; பிறகு இருபத்திரண்டு மரம் ஓட்டம். மரங்களை எண்ணுகிறபோது மனம் வலியைத் தேடிப் போவதில்லை. அமைதியாக ஓட முடிகிறது.

இதற்கிடையில் தைப்பூசம் வந்தது. ஈப்போ கல்லுமலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பது எங்கள் வீட்டில் தவறாத வேண்டுதல். வெறுங்கால், தலையில் பாரம், நெருங்கிய கூட்டம், சூடேறும் தார். இந்த முறை வேண்டாமே என்று அம்மா தயங்கினார். ஒற்றைக்காலில் நின்று நின்று பழகிய கால் என்னைத் தாங்கும் என்று எனக்குத் தோன்றியது. போனேன். வெறும் பாதத்தில் தரையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் தெரிந்தது. மறுநாள் காலை வீக்கம் இல்லை. முருகன் அருளும் பயிற்சியும் சேர்ந்தே என்னை நடத்தின என்று நான் முழுமனத்தோடு நம்புகிறேன்.

புல் பாதை அடுத்தது. செம்பனைக் காட்டில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் வெட்டிய மட்டைகளை அடுக்கி வைப்பார்கள். மற்ற வரிசை குலை எடுக்கும் பாதை. ஓட வேண்டியது இரண்டாவதில் மட்டும். மட்டையின் அடியில் இருக்கும் முள் காலணியின் மேல்துணியைச் சாதாரணமாகத் துளைக்கும். எலி தேடி நாகம் வரும் இடமும் அதுதான். எலிகளைப் பிடிப்பதற்கென்று தோட்டத்தில் கூண்டு வைத்து ஆந்தைகளையும் வளர்க்கிறார்கள். புல்லுக்குள் தரை தெரியாது. கணுக்கால் தானாகவே ஒவ்வொரு அடியிலும் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். கண் மூடி ஒற்றைக்காலில் நின்றதன் பலனை இங்கேதான் கண்டேன். பாதம் ஒரு பள்ளத்தில் பாதி மடங்கியது. நான் நினைப்பதற்கு முன்பே தசை இழுத்துப் பிடித்து நிமிர்த்திவிட்டது. மகிழ்ச்சியில் அங்கேயே நின்று கண் கலங்கினேன்.

மேடுதான் கடினம். பழைய பால்மரச் சரிவைப் படிபடியாக வெட்டியிருப்பார்கள். நான் போன மாதத்தில் மரங்கள் இலையுதிர்த்திருந்தன. சருகுக்கு அடியில் வேர், கல், எப்போதோ விழுந்த, பால் பிடிக்கும் மங்கு எல்லாம் மறைந்து கிடந்தன. ஏறுவதில் சிரமம் இல்லை. மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது உடம்பு மறுத்தது. கால் தேறிவிட்டது என்று எல்லாச் சோதனைகளும் சொல்லியும், இறக்கத்தின் விளிம்பில் தொடைகள் விறைத்து நின்றன. அந்தப் பயத்தை விரட்ட நான் முயலவில்லை. ஒரே ஒரு படி இறங்கி, நின்று, ஏறி, மறுபடி இறங்கினேன். பிறகு இரண்டு படி. குறுகிய அடி, வேகமான அடி, பார்வை மூன்று நான்கு மீட்டர் முன்னால். காலடியையே பார்த்துக்கொண்டு இறங்கினால் உடம்பு முன்னே குனிந்து எடை தவறான இடத்தில் விழுகிறது. பயமும் தசையைப் போலவே அளவாக வேலை கொடுத்தால் பழகுகிறது. காயத்திலிருந்து மீள்பவர்களிடம் இதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் மனக்குறை. தசைநார் ஆற எத்தனை வாரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பயத்துக்கும் நாள் ஒதுக்க வேண்டும்.

இப்போது நான்கு தரைகளையும் ஒரே ஓட்டத்தில் சேர்த்து ஓடுகிறேன். ஒற்றைக்கால் பயிற்சியும் ரப்பர் பட்டையும் தொடர்கின்றன. கரடுமுரடான நாளில் மட்டும் கணுக்காலுக்குப் பட்டி ஒட்டிக்கொள்கிறேன். மழை பெய்த மறுநாள் சரிவில் இறங்குவது இன்னும் பாக்கி. அதற்கு ஏற்ற பாதையைக் காட்டுவதாக மாமா சொல்லியிருக்கிறார். பள்ளி விடுமுறை தொடங்கியதும் முதலில் நடந்து பார்க்கப் போகிறோம்.