பூமழைக்குப் பின் எட்டாம் நாள்

கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். இரவில் மலைப்பாதையில் இறங்கும் வண்டிகளின் விளக்குகள் வளைவுக்கு வளைவு மறைந்து மறைந்து தெரியும். இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தால்தான் சேலத்துக்காரர்களுக்கு ஏற்காட்டின் நினைவே வரும். அவர்களை ஏரியில் படகேற்றி, லேடீஸ் சீட்டில் நிறுத்திப் படம் பிடித்து, ஒண்டிக்கடையில் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, இருட்டுவதற்குள் கீழே அழைத்து வந்துவிடுவோம். இப்படிப் பதினைந்து முறையாவது போய் வந்த நான், காபி பூத்து நிற்பதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

காரணம் எளிது. எல்லோரும் மே மாதத்தில், கோடை விழா மலர்க் கண்காட்சிக்குப் போகிறோம். காபி அதற்கு வெகுமுன்பே பூத்து முடித்துவிடுகிறது. அறுவடை முடிந்த செடி, தை மாசி மாதங்களின் வறட்சியில் மொட்டுகளை இறுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும். மார்ச் மாதத்திலோ ஏப்ரல் தொடக்கத்திலோ ஓர் அங்குலம் அளவுக்கு ஒரு நல்ல மழை இறங்கினால், அதைத்தான் பூமழை என்கிறார்கள், எட்டு முதல் பத்து நாட்களுக்குள் தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் பூக்கிறது. மழை போதாவிட்டால் மொட்டு சரியாக விரியாது. விரிந்த பூவும் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தங்காது. சென்ற ஆண்டு, நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருக்கும் நண்பர் தகவல் சொல்லியும், ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். போனபோது கிளை முழுக்கப் பழுப்பு நிறத்தில் காய்ந்த சருகுகள்தான் ஒட்டிக்கொண்டிருந்தன.

இந்த ஆண்டு மார்ச் நடுவில் மழை பெய்தது. எட்டாம் நாள் காலை அம்மாவையும் அழைத்துக்கொண்டு அஸ்தம்பட்டியில் பேருந்து ஏறினேன். காரில் போயிருக்கலாம், ஆனால் ஓட்டுபவனுக்கு அந்தப் பாதையில் மலை தெரியாது, வளைவு மட்டும்தான் தெரியும். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் அம்மா பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டார். 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடியும்வரை அதைக் கீழே வைக்கவில்லை. கீழே புதர்க்காடும் மூங்கிலுமாக இருந்த சரிவு ஏற ஏற அடர்ந்துகொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தால், சேலத்தின் ஓரத்தில் வெள்ளைக்கல் தோண்டிக் குவித்த மேடுகள் உப்பளம் போல வெயிலில் மின்னின. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின் மழைக்கு இந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது நினைவுக்கு வந்தது. மழை என்றால் மலைமேல் இருப்பவர்களுக்கு ஒரே பொருள் இல்லை.

எஸ்டேட்டின் வாசலிலேயே மணம் வந்துவிட்டது. மல்லிகை என்றுதான் முதலில் சொல்லத் தோன்றும், ஆனால் மல்லிகையைவிட மெல்லியது. அதில் ஒரு தேன் வாடை கலந்திருந்தது. உயர்ந்து நின்ற சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அவற்றின் நிழலில் இடுப்புயரக் காபிச் செடிகள் வரிசை வரிசையாக வெளுத்திருந்தன. ஒரு கிளையைக் கையில் தாங்கிப் பார்த்தேன். எதிரெதிராக அமைந்த ஒவ்வோர் இலைச் சோடியின் கக்கத்திலும் ஐந்திதழ்ப் பூக்கள் கொத்தாகக் குவிந்திருந்தன; நெருக்கிக் கட்டிய சரத்தை யாரோ கிளையின் நீளத்துக்குச் சுற்றிவிட்டது போல இருந்தது. நுனியில் மட்டும் சில மொட்டுகள் விரியாமல், சிறிய மெழுகுவத்திகளாக நின்றன. தேனீக்களின் இரைச்சலில் நாங்கள் சற்று உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

அம்மா ஒரு கொத்தைக் கிள்ளப் போனார். "பறிக்காதீங்கம்மா, ஒவ்வொரு பூவும் ஒரு பழமுங்க," என்றார் மேஸ்திரி. கூச்சத்துடன் கையை இழுத்துக்கொண்ட அம்மா, தரையில் உதிர்ந்து கிடந்தவற்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "பழம் எப்போதுங்க வரும்?" என்று கேட்டார். "தீபாவளி கழிச்சு வாங்க, சிவந்து நிக்கும்."

இந்தச் செடி இம்மலைக்கு வந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தவராக அறியப்படுகிறார். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இது மலையாளி என்னும் பழங்குடி மக்களின் மலை; கேரளத்து மலையாளிகள் அல்ல. அந்தப் பழங்குடிகளின் தெய்வமான சேர்வராயன், 5,326 அடி உயரத்தில், குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகைக்குள் காவேரியம்மனோடு இருக்கிறார். 'ஏழைகளின் ஊட்டி' என்று யார் பெயர் வைத்தார்களோ, எனக்கு அது பிடிப்பதே இல்லை. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்று அழகாக ஒரு பெயர் இருக்கும்போது, இன்னோர் ஊரின் மலிவுப் பதிப்பு என்று ஏன் சொல்ல வேண்டும்?

பிற்பகலில் நாகலூர்ப் பக்கம் வானம் கறுத்தது. ஏரிக்கரையில் இருந்தவர்கள் மழை வரப்போகிறது என்று மகிழ்ந்துகொண்டிருக்க, எங்களை வழியனுப்ப வந்த மேஸ்திரி மட்டும் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். பூ விரிந்த நாளில் மழை அடித்தால் மகரந்தம் கரைந்து காய்ப்பிடிப்பு கெட்டுவிடுமாம். எட்டு நாட்களுக்கு முன்பு இதே மனிதர்தான் மழை வேண்டிக் கோயிலில் தேங்காய் உடைத்தவர். "இன்னும் ரெண்டு நாள் சும்மா இருந்தாப் போதுங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் பெய்யட்டும்."

வீட்டுக்கு வந்து அம்மா முந்தானையை அவிழ்த்தபோது பூக்கள் பழுப்பேறிவிட்டிருந்தன. மணம் மட்டும் துணியில் இருந்தது. சாப்பிட்ட பிறகு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். வளைவுகளில் இறங்கிய வண்டி விளக்குகள் ஒவ்வொன்றும் மங்காமல் தெளிவாகத் தெரிந்தன. மலைமேல் மழை இல்லை.