சிஎஸ்ஆர் எடுக்கப் போய் சாவியைத் தொலைத்த கதை

ராயபுரத்தில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் சர்வர், பைத்தான் எல்லாவற்றுக்கும் நான் ஒரே ஆள். வாடிக்கையாளர் கம்பெனி ஒன்று, சரக்கு விவரம் அனுப்பும் சர்வர்களுக்குத் தாங்களே கையெழுத்திட்ட சான்றிதழ்தான் (சர்வரின் அடையாள அட்டை மாதிரி) வேண்டும், சிஎஸ்ஆர், அதாவது அந்தச் சான்றிதழ் கேட்டு அனுப்பும் விண்ணப்ப ஃபைல், அனுப்புங்கள் என்றது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவியில் ஒரு வரியில் முடிகிற வேலை. நான்கு சர்வர், வருடா வருடம் இதே பாடு என்று கணக்குப் போட்டு, பைத்தானின் கிரிப்டோகிராஃபி லைப்ரரியை வைத்து ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தேன். ஆசை யாரை விட்டது.

சான்றிதழோடு ஜோடி சேர வேண்டிய 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி (சர்வரிலேயே ரகசியமாக இருக்க வேண்டிய ஃபைல்), கையெழுத்துக்கான ஷா-256 எல்லாம் அரை மணி நேரம். நாட்டின் பெயரை 'இந்தியா' என்று முழுதாகக் கொடுத்தால் எரர். 'ஐஎன்' என்று இரண்டே எழுத்துதான். இதுவாவது உடனே கத்தியது.

அடுத்தது கத்தவே இல்லை. டொமைன் பெயர்கள் சிஎஸ்ஆரில் 'சான்' (சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம்) என்ற பகுதியில் இருக்க வேண்டும். முன்பு பெயர் போட்டுவந்த 'காமன் நேம்' இடத்தைப் பார்ப்பதை குரோம் 2017லேயே கைவிட்டுவிட்டது. சேர்த்துத்தான் அனுப்பினேன். மூன்று நாள் கழித்து ஒரு வரி வந்தது: 'சான் இல்லை, மறுபடி அனுப்பவும்.' என் கோடில் இருக்கிறதே என்று போன் செய்தால், "எங்க ஸ்கிரீன்ல இல்ல சார்" என்று வைத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். இந்த லைப்ரரியில் சிஎஸ்ஆரைக் கட்டித் தரும் பில்டர் தன்னை மாற்றிக்கொள்ளாது. எதைச் சேர்த்தாலும் புதிதாக ஒரு பில்டரைத் திருப்பித் தரும். நான் அதை வாங்கி வைக்கவே இல்லை. அனுப்பும் முன் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் சிஎஸ்ஆரைத் திறந்து படித்திருந்தால் பத்து வினாடியில் தெரிந்திருக்கும். நீங்களாவது படித்துவிட்டு அனுப்புங்கள்.

திருத்தி அனுப்பி, வெள்ளிக்கிழமை சான்றிதழ் வந்தது. ஆள் இல்லாத நேரத்தில் மாட்டலாம் என்று ஞாயிறு காலை தேரடியில் மெட்ரோ ஏறி, வண்ணாரப்பேட்டையில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஆபீஸ் போனேன். முதல் சர்வரிலேயே என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் சாஃப்ட்வேர் எழ மறுத்தது. சாவியும் சான்றிதழும் பொருந்தவில்லையாம்.

தப்பான சான்றிதழை அனுப்பிவிட்டார்கள் என்று காரசாரமாக மெயில்கூட அடித்துவிட்டேன். அனுப்பும் முன் சாவி ஃபைலின் தேதி கண்ணில் பட்டது. வியாழன் மாலை! அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்த தம்பி, "எப்படி ஓடுதுண்ணா, காட்டுங்க" என்றான். நானும் பெருமையாக ஓட்டிக் காட்டினேன். என் ஸ்கிரிப்ட் ஓடும்போதெல்லாம் புதுச் சாவி செய்து, பழையதன் மேலேயே எழுதிவிடும். பேக்கப் கிடையாது. கையெழுத்துப் போடுகிறவர்களிடம் போவது பொதுச் சாவி மட்டும்தான்; ரகசியச் சாவி தொலைந்தால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது ஃபைலை, பழையதன் மேலேயே எழுதும் 'டபிள்யூபி' முறையில் திறப்பதில்லை, புது ஃபைலை மட்டுமே உருவாக்கும் 'எக்ஸ்பி'தான். அதே பெயரில் சாவி ஏற்கெனவே இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். மூன்றாவது முறை சிஎஸ்ஆர் போனதும் அதே ஆள், "மறுபடியுமா சார்?" என்றார். என்ன சொல்வது, ஆமாம் என்றேன்.

புதன்கிழமை நான்கு சர்வரிலும் மாட்டியாகிவிட்டது. தம்பிக்கு இனிமேல் எதைக் காட்டுவதானாலும் என் லேப்டாப்பில்தான்.