தீப்பெட்டி கேஸில் நான் சறுக்கிய இடம்

எம்.டி. சைக்கியாட்ரி பிராக்டிகலில் எனக்கு விழுந்த லாங் கேஸ் (விரிவாகப் பரிசோதித்து நோயைச் சொல்ல வேண்டிய நோயாளி), ஐம்பதைத் தாண்டிய ஒரு மளிகைக்கடைக்காரர். ஒன்றரை வருடமாகத் தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறதாம். சாட்சிக்கு ஒரு தீப்பெட்டி வைத்திருந்தார். திறந்தால் காய்ந்த பொருக்கு, நூல் பிசிறு, தூசி.

டெலூஷன் (அசைக்க முடியாத பொய் நம்பிக்கை) இருக்கிறது, ஊரும் உணர்வு ஹாலூசினேஷன் (இல்லாததை உணர்வது), ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய்க்கு வேண்டிய ஆறு மாதமும் தாண்டியாயிற்று. விரல்விட்டு எண்ணி ஸ்கிசோஃப்ரினியா என்றேன்.

“கடையை யார் பார்க்கிறார்கள்?” என்றார் எக்ஸாமினர்.

“அவரேதான் சார்.”

“கடன் கணக்கு?”

“அதுவும் அவர்தான்.” சொல்லும்போதே உறைத்துவிட்டது.

சொமாட்டிக் வகை டெலூஷனல் டிஸார்டரிலும், அதாவது உடலைப் பற்றிய பொய் நம்பிக்கையே பிரதானமான நோயிலும், ஊரும் உணர்வு வரலாம். அது தூக்கலாக இருக்கக் கூடாது. அந்த ஒரே நம்பிக்கையோடு ஒட்டியும் இருக்க வேண்டும். இவருக்கு அப்படித்தான். காதில் குரல் இல்லை, பேச்சு கோர்வையாக இருந்தது, முகத்தில் உணர்ச்சி மங்கவில்லை. பூச்சிப் பேச்சை எடுக்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரரே கண்டுபிடிக்க மாட்டார். ஸ்கிசோஃப்ரினியாவில் சிந்தனை, வேலை, உறவு எல்லாம் சேர்ந்து சரியும்.

சீனியர்களின் பழைய நோட்ஸை நம்பிப் படிப்பவர்கள் கவனிக்கவும். ‘நிஜத்தில் சாத்தியமே இல்லாத டெலூஷன் என்றால் ஸ்கிசோஃப்ரினியா’ என்பது அமெரிக்க மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-மின் 4-ஆம் பதிப்புக் காலத்துப் பாடம். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 அந்த வேலியை எடுத்துவிட்டது. டெலூஷனல் டிஸார்டர் என்று சொல்லத் தேவையான கால அளவும் டிஎஸ்எம்-5-இல் 1 மாதம், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-இல் 3 மாதம். எதை வைத்துப் பேசுகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதிக் குறுக்குக் கேள்வி குறையும்.

தோலையும் பாருங்கள். சொறிந்த புண்கள் கை எட்டும் இடத்தில்தான் இருந்தன, நடுமுதுகு சுத்தம். சொறிந்ததால் வந்த புண்தான் என்று அது காட்டும். அதற்காக இதே உணர்வைத் தரக்கூடிய நிஜ சிரங்கு, கோகெய்ன், ஆம்ஃபெட்டமின் போன்ற போதைப்பொருள், பி12 குறைவு இதையெல்லாம் விட்டுவிடக் கூடாது.

சிகிச்சை கேட்டபோது மருந்துப் பெயரை மட்டும் சொன்னேன். “பூச்சிக்கு மனநல மாத்திரையா என்று அவர் எழுந்து போய்விட்டால்?” என்றார் எக்ஸாமினர். அரிப்பும் தூக்கமின்மையும் குறையும் என்று ஆரம்பித்திருக்கலாம். தோன்றவில்லை.

எப்படியோ பாஸ். வெளியே வரும்போது கடைக்காரர் கூப்பிட்டார். “டாக்டர் தம்பி, அந்தப் பெட்டியைக் குடுத்துடுங்க. நாளைக்கு ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டணும்.”