மூன்று வளையம் பொறித்த கட்டடம்

அமெரிக்கச் சிற்றூருக்குக் குடிவந்தவர்கள் கடைத்தெருவின் பழைய செங்கல் கட்டடங்களைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். சிலவற்றின் உச்சியில் ஒன்றோடொன்று கோத்த மூன்று வளையங்கள் இருக்கும். நட்பு, அன்பு, உண்மை. உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஆட் ஃபெல்லோஸ் (Odd Fellows) சங்கத்தின் சின்னம் அது. கிளையை லாட்ஜ் என்பார்கள். நமக்குப் பழக்கமான தங்கும் விடுதி இல்லை. கீழே கடை வாடகைக்கு, மேலே கூட்ட அறை.

இதை அமெரிக்காவில் வேரூன்ற வைத்தவரும் குடியேறியவர்தான். லண்டன் கொல்லர் தாமஸ் வைல்டி 1817இல் அமெரிக்கா வந்தார். ஊரில் இருந்த சங்கம் இங்கே இல்லாததால் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் தேடினார். 1819 ஏப்ரல் 26 அன்று பால்டிமோரில் ஒரு மதுக்கடையில் ஐந்து இங்கிலாந்துக்காரர்கள் கூடி முதல் லாட்ஜைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு அந்த நகரில் மஞ்சள் காய்ச்சல். சொந்தபந்தம் இல்லாத இடத்தில் படுத்துவிட்டால் கஞ்சி வைத்துக் கொடுக்கவும் ஆள் இருக்காது. நோயாளியைப் பார்ப்பது, கஷ்டத்தில் உதவுவது, இறந்தவரை அடக்கம் செய்வது, அநாதையைப் படிக்கவைப்பது என்ற நான்கு கடமைகளும் அந்தப் பயத்துக்கான பதில்.

அந்தக் காலத்தில் உறுப்பினர் நோயில் விழுந்தால் வாரப்படி, அதாவது வாராந்திர உதவித்தொகை, கிடைக்கும். பார்க்க வருகிற குழு ஆறுதலும் சொல்லும், நோய் உண்மைதானா என்றும் கவனிக்கும். சந்தா பாக்கி வைத்தவருக்குப் படி இல்லை. புதியவரைச் சேர்க்க ரகசிய வாக்கு: வெள்ளை உருண்டை சம்மதம், கறுப்பு மறுப்பு. வேறு ஊருக்குப் போகிறவரிடம் பயண அட்டை இருக்கும்; அதன் ஓரத்தில் அவர் கையெழுத்து. அட்டை களவு போகலாம் என்பதால் கடவுச்சொல்லும் சொல்ல வேண்டும்.

பல கிளைகளை முடக்கியது, எல்லா வயதுக்கும் ஒரே சந்தா என்ற ஏற்பாடு. கணக்குக்குச் சொன்னால், 60 பேர் வாரம் 10 சென்ட் கட்டினால் 6 டாலர். முதியவர்கள் இருவர் எழாமல் படுத்து, ஆளுக்கு 3 டாலர் படி வாங்கினால் அந்த வார வசூல் அத்தனையும் தீர்ந்தது. இதைப் பார்க்கிற இளைஞர் சேரமாட்டார். நம் ஊர் மரண உதவிச் சங்கங்களை நடத்தியவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

இந்தச் சங்கம் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. தனித்து நிற்பவருக்காகப் பிறந்த அமைப்பு செய்த பெரிய அநீதி இது. கறுப்பினத்தவரும் கப்பல் பணியாளருமான பீட்டர் ஓக்டன் லிவர்பூல் கிளையில் உறுப்பினர். இங்கிலாந்துக்கே போய் இன்னொரு ஆட் ஃபெல்லோஸ் அமைப்பிடம் கிளை தொடங்குவதற்கான அனுமதிப் பட்டயம் வாங்கி வந்தார். 1843இல் நியூயார்க்கில் கறுப்பினத்தவருக்கான ஃபிலோமாத்தியன் லாட்ஜ், எண் 646, தொடங்கியது.