சமாதானம் எங்கள் வரிசைக்கு வந்த நாள்

போன ஞாயிறு எங்கள் சபையில், அப்பமும் இரசமும் பகிர்கிற திருவிருந்து ஆராதனையில் ஒரு பகுதியை விட்டுவிட்டார்கள். பாவ அறிக்கை இருந்தது, விசுவாசப்பிரமாணம் இருந்தது, சபையார் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறுவது மட்டும் இல்லை. பாட்டுக்கு நேரம் போதவில்லையாம். கொரோனா வந்தபோது கை தொடுவதை நிறுத்தினோம், சரி, அது நியாயம். அப்புறம் நின்ற இடத்திலேயே ஒரு கும்பிடு என்று ஆனது. இப்போது அதுவும் போய்விட்டது.

கீபோர்டு வாசிக்கிற தம்பியிடம் வருத்தப்பட்டேன். நல்ல பையன், ஜெபிக்கிறவன். "ஏனுங்ணா, ஆராதனைப் புத்தகத்தைப் பாத்துப் படிக்கறது வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பழக்கம் இல்லீங்களா, மனசுல இருந்து வரணுமுங்க" என்றான். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் நம் கொங்குப் பக்கம் நடந்தது கிட்டத்தட்ட தலைகீழ். கோயம்புத்தூரில் 1830இல் வேலை தொடங்கிய லண்டன் மிஷன்காரர்கள் பெரும்பாலும் புத்தகம் இல்லாமல் ஜெபிக்கிற வழியில் வந்தவர்கள். கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துப் பழைய சபைகள் அவர்கள் கையில் வளர்ந்தவை. மனசிலிருந்து ஜெபிப்பதைத்தான் வெள்ளைக்காரர் இங்கே கொண்டுவந்தார்.

1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், நம் லண்டன் மிஷன் வழி வந்தவர்கள் என்று வேறு வேறு பழக்கமுள்ளவர்கள் ஒரே மேசைக்கு வரவேண்டியிருந்தது. அதற்காக எழுதப்பட்டதுதான் 1950இல் வந்த திருவிருந்து முறைமை, அதாவது ஆராதனையில் யார் எதை எப்போது சொல்வது என்ற ஒழுங்கு. 1963இல் முழுப் புத்தகமே வந்தது. அதில் சமாதானம் கையிலிருந்து கைக்குப் போகிறதே, அது லண்டனிலிருந்து வந்ததில்லை. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்தது. பாலக்காட்டுக் கணவாயில் காற்று வருகிற மாதிரி பக்கத்து ஊரிலிருந்து நமக்கு வந்தது.

இந்தப் பகுதி போனால் எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், எங்கள் வீட்டுக் கதை அதில் இருக்கிறது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கிணற்றுப் பங்கில் தகராறு. மோட்டார் போடுகிற முறை யாருடையது என்று ஆரம்பித்து, இரண்டு வருடம் பேச்சு வார்த்தையே இல்லை. ஒரே சபைதான், ஆனால் ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம். ஒரு ஞாயிறு பெரியப்பா தாமதமாக வந்து, இடமில்லாமல் எங்கள் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஐயர், அதாவது எங்கள் போதகர், மேசையிலிருந்து சமாதானத்தைத் தொடங்க, அது வரிசை வரிசையாக இறங்கி எங்களிடம் வந்தது. நான் அப்பாவுக்குக் கொடுத்தேன். அப்பா திரும்பினால் பெரியப்பா.

கொடுக்கிறவர் தன் வலது உள்ளங்கையை வாங்குகிறவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து வைக்க வேண்டும், பிறகு இருவரும் இடது கையால் அடுத்தவர் கையை மூடிக்கொள்ள வேண்டும். நாலு கையும் ஒன்றாகிவிடும். விரல் நுனியைத் தொட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. அப்பா தலை நிமிரவில்லை. பெரியப்பா கையில் மண்வெட்டிக் காய்ப்பு, கட்டைவிரலில் பம்ப் செட்டு பெல்ட் அறுத்த பழைய தழும்பு. கையை வைத்தார்கள், மூடினார்கள், சொல்லவேண்டியதைச் சொன்னார்கள்.

அன்றைக்கு வேறு ஒன்றும் நடக்கவில்லை, வெளியே வந்து பேசிக்கொள்ளக்கூட இல்லை. ஆனால் அடுத்த மாதத் திருவிருந்துக்குப் பெரியப்பா சீக்கிரமே வந்து அதே ஓரத்தில் உட்கார்ந்தார். கிணற்று விவகாரம் தீர இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. மனசிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தால் அந்த இரண்டு பேருக்கும் அது வந்திருக்கவே வந்திருக்காது. முறைமை அவர்கள் மனசைக் கேட்கவில்லை, கையை நீட்டச் சொன்னது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மேடையில் ஒருவரே ஜெபித்தால் பின்வரிசை அக்காக்களுக்கு ஆமென் மட்டும்தான் மிச்சம். முறைமையில் நிறைய இடத்தில் சபையார் வாயில் வருகிற வார்த்தை. எழுத்துத் தெரியாதவர்களும் கேட்டுக் கேட்டே பிழையில்லாமல் சொல்வார்கள். பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, டிரம்ஸும் இருக்கட்டும். முறைமையை உயிரில்லாமல் கடகடவென்று வாசித்து இளையவர்களைச் சலிக்கவைத்தது எங்கள் தலைமுறை, அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அதையே வெட்டலாமா? ஐயரிடம் பேசியிருக்கிறேன், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

அப்பா இப்போது இல்லை. பெரியப்பா இன்றைக்கும் அந்த வரிசை ஓரத்தில்தான் உட்காருகிறார், நான் பக்கத்தில். போன ஞாயிறு விண்ணப்ப ஜெபம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் துண்டில் துடைத்து, என் பக்கம் பாதி திரும்பினார். அதற்குள் காணிக்கைப் பை வந்துவிட்டது.